நீலப் புள்ளி சொன்ன சாட்சி: நீலாப் சாஸ்திரியும் டி செல்லின் இலக்கும்

நீண்ட பதிவு. நோயெதிர்ப்பியல் பயிலும் மாணவர்களையும் அறிவியல் வரலாற்றில் ஈடுபாடு உடையவர்களையும் எண்ணி எழுதியது.

நோயெதிர்ப்பியலின் வரலாறு நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் நோபல் பரிசுகளின் வரிசையாகவே சொல்லப்படுகிறது. டி செல்களைப் பற்றிய பாடம் 1974இல் கான்பராவில் தொடங்கும். ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்ட்டியும் எலிகளில் செய்த பரிசோதனை விளக்கப்படும். 1996இல் அவர்களுக்குக் கிடைத்த பரிசோடு பாடம் முடிந்துவிடும். அவர்கள் எழுப்பிய கேள்விக்கு விடை எப்படி வந்தது, யார் எந்தக் கருவியைக் கொண்டு தேடினார்கள் என்பது தேர்வில் கேட்கப்படுவதில்லை. ஆகவே பாடத்திலும் இடம்பெறுவதில்லை.

அவ்வாறு விடுபட்ட ஒருவரைப் பற்றியது இப்பதிவு. நீலாப் சாஸ்திரி டெல்லி எய்ம்ஸில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்று, பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சுமார் 30 ஆண்டுகள் ஆய்வு செய்தவர். இறுதி ஆண்டுகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்கு மாறி, 2021இல் மறைந்தார். இங்கே திருவனந்தபுரத்தில், பூஜப்புராவிலோ காரியவட்டத்திலோ விதுராவிலோ ஆய்வு செய்யும் மாணவர்கள் அவர் பெயரை அறியாமல் இருக்கலாம். ஆனால் 'பி3இசட்' என்ற செல் வரிசையின் பெயரை ஏதேனும் ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியில் கட்டாயம் கண்டிருப்பார்கள். அது அவருடைய ஆய்வகத்தில் உருவானது.

அவருடைய ஆய்வு வாழ்க்கை முழுவதும் ஒரே நிலைப்பாட்டின் மேல் நின்றது என்பது என் வாசிப்பு. டி செல்லின் இலக்கு எது என்பதை டி செல்லிடமே கேட்க வேண்டும். அப்படி ஓர் இலக்கு இருக்க முடியாது என்று பாடநூல் சொன்னாலும், டி செல் இருக்கிறது என்று சொன்னால் அதைப் பின்தொடர வேண்டும். சொல்வதற்கு எளிய இந்த நிலைப்பாட்டைக் கடைப்பிடிக்க அவருக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

முதலில் சிக்கலைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எதிர்ப்பொருள் ஒரு புரதத்தின் மேற்பரப்பை அதன் முழு வடிவத்தோடு பற்றிக்கொள்ளும். டி செல்லால் அது இயலாது. 1959இலேயே ஃபிலிப் கெல்லும் பாருஜ் பெனாசெராஃபும் ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தனர். வெப்பத்தால் வடிவம் சிதைந்த புரதத்தை எதிர்ப்பொருள்கள் அடையாளம் காணவில்லை. ஆனால் தாமதமாகத் தோன்றும் ஒவ்வாமை எதிர்வினை, அதாவது இன்று நாம் டி செல்களின் வேலை என்று அறிந்திருப்பது, குறையாமல் நிகழ்ந்தது. சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் இன்னொரு நிபந்தனையைக் கண்டனர். வைரஸ் தாக்கிய செல்லைக் கொல்லும் டி செல், அந்தச் செல் தன் சொந்த எலி இனத்தின் திசுப்பொருத்த மூலக்கூறுகளைத் தாங்கியிருந்தால் மட்டுமே கொன்றது. டி செல் ஒரே நேரத்தில் வைரஸையும் பார்க்கிறது, 'தன்னுடையது' என்ற அடையாளத்தையும் பார்க்கிறது. இரண்டும் எவ்வாறு இணைகின்றன என்பதே 1970களின் பெரும் விவாதம்.

1980களில் விடை உருவெடுத்தது. செல்லுக்குள் புரதங்கள் துண்டாக்கப்படுகின்றன. பெப்டைடுகள் எனப்படும் அச்சிறு துண்டுகளைத் திசுப்பொருத்த மூலக்கூறுகள், அதாவது எம்.எச்.சி. மூலக்கூறுகள், ஏந்திக்கொண்டு செல்லின் மேற்பரப்பில் காட்டுகின்றன. 1987இல் பமீலா பியோர்க்மன் குழுவினர் வெளியிட்ட எச்.எல்.ஏ.-ஏ2 மூலக்கூறின் படிக அமைப்பில், பெப்டைடு அமரும் பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. வகுப்பு ஒன்று எம்.எச்.சி. மூலக்கூறில் அமரும் பெப்டைடு பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள் நீளமுடையது. ஒரு செல்லின் மேற்பரப்பில் இத்தகைய பெப்டைடுகள் பல்லாயிரம். அவற்றுள் ஒரு குறிப்பிட்ட டி செல் எதைக் கண்டு கொதித்தெழுகிறது? அதைக் கண்டறிய அன்று நேரான வழி இல்லை.

சாஸ்திரி இக்கேள்விக்குள் நுழைந்தது லாஸ் ஏஞ்சலிஸில், எலை செர்கார்ஸ் ஆய்வகத்தில். அங்கே கோழி முட்டையின் லைசோசைம் புரதத்தைக் கொண்டு, டி செல்கள் அதன் எந்தப் பகுதிகளைத் தேர்கின்றன என்று ஆராய்ந்தனர். 23 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு பகுதிக்குள்ளும் இரு வேறு இலக்குகள் இருப்பதையும், அவற்றுள் எது தேர்ந்தெடுக்கப்படும் என்பது எலியின் எம்.எச்.சி. வகையைப் பொறுத்தது என்பதையும் அக்காலக் கட்டுரைகள் காட்டின. பின்னர் கால்டெக்கில் லீராய் ஹூட் ஆய்வகத்தில் மூலக்கூறு உயிரியல் பயிற்சி. 1980களின் இறுதியில் பெர்க்லியில் தனி ஆய்வகம் தொடங்கியபோது இவ்விரு பயிற்சிகளும் ஒன்றுசேர்ந்தன.

அவர் முதலில் செய்தது ஒரு கருவி. டி செல் தன் இலக்கைக் கண்டவுடன் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தின் மரபணுவை இயக்கத் தொடங்கும். அந்த இயக்கத்தைத் தூண்டும் டிஎன்ஏ பகுதியோடு, லாக்-இசட் என்ற பாக்டீரிய மரபணுவை இணைத்தனர். லாக்-இசட் உருவாக்கும் நொதி, நிறமற்ற ஒரு வேதிப்பொருளை நீலமாக்கும். இந்த இணைப்பைத் தாங்கிய, எளிதில் வளரும் ஒரு புற்றுச் செல்லோடு டி செல்லை இணைத்துக் கலப்பினச் செல் ஒன்றை உருவாக்கினர். இனி அந்தச் செல் தன் இலக்கைக் கண்டால் நீலமாகும். காணாவிட்டால் நிறமற்றே இருக்கும். 1991இல் கார்ட்டுனனும் சாஸ்திரியும் வெளியிட்ட கட்டுரை இதுவே. ஆயிரக்கணக்கான செல்களுக்கு நடுவே ஒரே ஒரு டி செல் விழித்துக்கொண்டாலும் நுண்ணோக்கியின் கீழ் ஒரு நீலப் புள்ளியாகத் தெரிந்துவிடும். 'நீலாப்' என்ற பெயருக்கு நீல ஒளி உடையது என்று பொருள். பெயர்ப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆயினும் வடமொழி அறிந்தவர்கள் புன்னகைக்காமல் இருக்க முடியாது.

பி3இசட் இவ்வழியில் பிறந்த செல் வரிசை. முட்டை வெள்ளைக்கருவின் ஓவால்புமின் புரதத்தில் 257 முதல் 264 வரையுள்ள எட்டு அமினோ அமிலங்களை, எலியின் கே-பி என்ற எம்.எச்.சி. மூலக்கூறு ஏந்தி நிற்கும்போது மட்டும் அது நீலமாகும். தடுப்பூசி, புற்றுநோய், டென்ட்ரிட்டிக் செல் என எத்துறையில் ஆய்வு செய்பவரும் 'என் செல் இந்தப் பெப்டைடைக் காட்டுகிறதா' என்று கேட்க இதைப் பயன்படுத்தலாம். உலகெங்கும் ஆய்வகங்கள் இதை எடுத்தாண்டன.

1992இல் அதே குழு அடுத்த படியைச் சொன்னது. இலக்கு தெரியாத ஒரு டி செல்லை எடுத்துக்கொள்க. அது அடையாளம் காணும் செல்லிலிருந்து தூது ஆர்என்ஏக்களைத் திரட்டி டிஎன்ஏ நகல்களாக்கி, சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து, வேறொரு செல்லுக்குள் எம்.எச்.சி. மரபணுவோடு சேர்த்துச் செலுத்துக. எந்தக் குழியில் நீலம் தெரிகிறதோ அந்தத் தொகுதியை மீண்டும் பிரிக்க. இப்படியே சென்றால் ஒரே ஒரு மரபணு எஞ்சும். ஏறத்தாழ அதே காலத்தில், 1991இல், பிரஸ்ஸல்ஸில் தியரி பூன் குழுவினர் தோல் புற்றுக்கட்டியின் மேஜ் ஆன்டிஜெனை ஒத்த வழியில் கண்டறிந்திருந்தனர். டி செல் எதைத் தேடுகிறது என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. அதையே துப்பறிய அனுப்பலாம் என்ற எண்ணம் இரு இடங்களிலும் செயலுக்கு வந்தது.

இவ்வழியின் முதல் பெரிய அறுவடை உறுப்பு மாற்றுத் துறையில் கிடைத்தது. எம்.எச்.சி. முழுமையாகப் பொருந்திய உடன்பிறந்தவரிடமிருந்து எலும்பு மஜ்ஜை பெற்றாலும் சிலருக்கு நிராகரிப்பு நேர்கிறது. லெய்டனில் எல்ஸ் கூல்மி 1970களிலேயே, ஆணின் மஜ்ஜையை நிராகரித்த ஒரு பெண் நோயாளியின் டி செல்களைக் கொண்டு இதை ஆராய்ந்தார். காரணமானவை 'சிறு திசுப்பொருத்த ஆன்டிஜென்கள்' என்று பெயர் பெற்றன. எலிகளில் அவற்றின் மரபணு இடங்களை ஜாக்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஸ்நெல் வகுத்த மரபில் வந்தவர்கள் பல பதிற்றாண்டுகளாக எண்ணிட்டு வந்தனர். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் எந்த மூலக்கூறு உள்ளது என்பது பெரும்பாலும் அறியப்படவில்லை.

ஜாக்சன் ஆய்வகத்தின் டெரி ரூபீனியனோடு இணைந்து சாஸ்திரி குழு அவற்றுள் இரண்டை அவிழ்த்தது. 1997இல் எச்13. இரு எலி இனங்களுக்கிடையே ஒரு பெப்டைடில் ஒரே ஓர் அமினோ அமிலம், வாலினா ஐசோலியூசினா என்பது மட்டுமே, வேறுபட்டது. அவ்வளவு சிறிய மாற்றமே ஒட்டிய திசுவை அந்நியமாக்கப் போதுமானதாக இருந்தது. 1998இல் எச்60. அக்கட்டுரையின் முதல் ஆசிரியர் சுப்ரமணியம் மலர்க்கண்ணன். இங்கே வேறுபாடு எழுத்தில் இல்லை. ஓர் இனத்தில் அப்புரதம் வெளிப்படுகிறது, மற்றதில் வெளிப்படுவதே இல்லை. இரு ஆண்டுகள் கழித்து, எச்60 இயற்கைக் கொல்லிச் செல்களின் என்.கே.ஜி.2.டி. ஏற்பி பற்றும் மூலக்கூறு என்றும் தெரியவந்தது. உறுப்பு நிராகரிப்பைத் தேடிச் சென்ற பாதை, புற்றுநோய்க் கண்காணிப்பின் வாசலில் முடிந்தது.

இனி வருவது இந்த வரலாற்றின் மையப் பகுதி. 1995இல் மலர்க்கண்ணன், அஃப்காரியன், சாஸ்திரி மூவரும் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டனர். அந்நிய எம்.எச்.சி.யைக் கண்டு எழும் ஒரு டி செல்லின் இலக்கைத் தேடியபோது கிடைத்த டிஎன்ஏ, வழக்கமான விதிகளின்படி அந்தப் பெப்டைடை உருவாக்கக் கூடாதது. பாடநூல் சொல்வது இது: ரைபோசோம் ஏ.யு.ஜி. என்ற தொடக்கக் கோடானில் தொடங்கும், முதல் அமினோ அமிலம் மெத்தியோனின், ஒரு தூது ஆர்என்ஏவில் ஒரு வாசிப்புச் சட்டகம். ஆனால் நீலப் புள்ளி தெரிந்தது. 1999இல் அடுத்த கட்டுரை, சட்டகத்திற்கு வெளியே உள்ள பெப்டைடுகளும் வழக்கமல்லாத ஒரு தொடக்க முறையால் உருவாகின்றன என்றது.

இங்கே இரண்டு வகையான ஐயங்களுக்கு இடம் இருந்தது. ஒன்று, இது அளவு மீறிய உணர்திறனின் விளைவாக இருக்கலாம். செலுத்தப்பட்ட மரபணுவை மிகையாக வெளிப்படுத்தும் செல்லில் ரைபோசோம் எப்போதாவது தவறுவது இயல்பு. நுண்ணிய கருவி அந்தத் தவற்றைப் பிடித்துவிட்டது, அவ்வளவே. மற்றொன்று இன்னும் ஆழமானது. உண்மையிலேயே உருவானாலும், அத்துணை அரிதான ஒன்றுக்கு உடலில் என்ன மதிப்பு? முதல் ஐயம் கருவியைப் பற்றியது. இரண்டாவது உயிரியலைப் பற்றியது.

இவ்வெண்ணத்தில் சாஸ்திரி தனியாகவும் இல்லை. டி செல் காணும் பெப்டைடுகள் முழுப் புரதங்களின் சிதைவால் அன்றி, மரபணுவின் சிறு பகுதிகளிலிருந்து நேரடியாகவே உருவாகலாம் என்று பூனும் அலீன் வான் பெலும் 1989இலேயே ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தனர். 1996இல் ஜொனாதன் யூடெல் குழுவினர், ரைபோசோம் குறைபாட்டோடு உருவாக்கும் புரதங்களே வகுப்பு ஒன்று பெப்டைடுகளின் முக்கிய ஊற்று என்று வாதிட்டனர். ஆனால் கருதுகோள் ஒன்று. உடலுக்குள் அது நிகழ்வதைக் காட்டுவது வேறு.

அதைக் காட்டியது 2003ஆம் ஆண்டின் 'சயன்ஸ்' கட்டுரை. முதல் ஆசிரியர் சூசன் ஷ்வாப். தூது ஆர்என்ஏவின் வால் பகுதி புரதமாக மொழிபெயர்க்கப்படாதது என்றே பெயர் பெற்றது. அப்பகுதியில் ஒரு பெப்டைடின் குறியீட்டைத் தாங்கிய எலிகளை உருவாக்கினர். அந்த எலிகளின் இயல்பான செல்கள் அப்பெப்டைடை மேற்பரப்பில் காட்டின. அதைவிடவும் முக்கியமானது வேறொன்று. பிற எலிகளின் டி செல்கள் அப்பெப்டைடை எதிர்த்தன. இந்த எலிகளின் டி செல்களோ அதைச் சகித்துக்கொள்ளப் பழகியிருந்தன. அதாவது, பாடநூல் இருக்க முடியாது என்ற ஒரு துண்டை, எலியின் உடல் பிறப்பிலிருந்தே 'என்னுடையது' என்று பதிவு செய்து வைத்திருந்தது. ஆய்வாளரின் கருவி அதைப் பிடித்ததா என்பது இனிக் கேள்வியே அன்று. எலியின் நோயெதிர்ப்பு அமைப்பே அதைக் கணக்கில் எடுத்திருந்தது. இரு ஐயங்களுக்கும் ஒரே பரிசோதனையில் விடை.

அக்கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. சி.யு.ஜி. என்ற கோடானில் தொடங்கும்போது ரைபோசோம் அதை மெத்தியோனினாக அன்றி லியூசினாகவே வாசிக்கிறது. 2012இல் ஷெல்லி ஸ்டார்க் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரை, லியூசின் தாங்கிய கடத்து ஆர்என்ஏவே அங்கு தொடக்கப் பணியைச் செய்கிறது என்று காட்டியது. இதற்கிடையில் ரைபோசோம் எங்கெங்கு அமர்கிறது என்று முழு மரபணுத்தொகுதி அளவில் பார்க்கும் முறையை நிக்கோலஸ் இங்கோலியாவும் ஜொனாதன் வைஸ்மனும் உருவாக்கியிருந்தனர். 2011இல் அவர்கள் வெளியிட்ட எலிக் கருச் செல் ஆய்வில், ஏ.யு.ஜி. அல்லாத தொடக்கங்கள் ஏராளமாகத் தெரிந்தன. நீலப் புள்ளி 1995இல் சொன்ன சாட்சியை முற்றிலும் வேறொரு முறை உறுதி செய்தது. 2016இல் ஸ்டார்க், பீட்டர் வால்டர் ஆய்வகத்தில், டி செல்லையே மொழிபெயர்ப்பைத் தடம்பற்றும் கருவியாக்கி, செல்லின் அழுத்தநிலை எதிர்வினையை ஆராய்ந்தார். நோயெதிர்ப்பியலின் கருவி, புரத உற்பத்தி ஆய்வாளர்களின் கருவியாயிற்று.

இதற்கு இணையாக இன்னொரு தேடலும் நடந்தது. செல் திரவத்தில் உருவாகும் பெப்டைடுகள் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் நுழையும்போது பல சமயம் தேவைக்கு மேல் நீளமாக இருக்கின்றன. அவற்றை எம்.எச்.சி.யின் பள்ளத்திற்கு ஏற்ற அளவில் நறுக்குவது யார்? தாமஸ் செர்வோல்டும் சாஸ்திரியும் 2002இல் 'நேச்சர்' இதழில் அந்த நொதியை அடையாளம் காட்டி, ஈராப் என்று பெயரிட்டனர். அதே ஆண்டு கென்னத் ராக், ஆல்ஃப்ரட் கோல்ட்பர்க் குழுக்களும் அதன் மனித வடிவத்தை ஈராப்-1 என்ற பெயரில் விவரித்தன. ஈராப் இல்லாத எலிகளில் என்ன ஆகும் என்பதை ஜியானா ஹாமர் 2006, 2007 கட்டுரைகளில் காட்டினார். பெப்டைடுகள் குறைவதோடு நிற்கவில்லை. இயல்பில் காணப்படாத, நிலையற்ற புதிய பெப்டைடுகள் தோன்றின. அந்தச் செல்களை இயல்பான எலிகளின் டி செல்கள் அந்நியமாகவே நடத்தின. 2008இல் நிக்கோலா பிளான்ஷார், எலன் ரோபி ஆகியோரோடு செய்த ஆய்வில், டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணிக்கு எதிரான பாதுகாப்பே இந்த நறுக்கலைச் சார்ந்திருப்பது தெரிந்தது. 2012இல் நிரஞ்சனா நாகராஜன் முதல் ஆசிரியராக வெளிவந்த கட்டுரை, ஈராப் செயலிழந்த செல்களைக் கண்டுபிடிக்கவே ஒரு டி செல் கூட்டம் உடலில் இருப்பதைக் காட்டியது.

இக்கட்டுரைகளில் ஒரு பெயரைக் கவனியுங்கள்: ஃபெடரிகோ கொன்சாலெஸ். 1993இல் ஓவால்புமின் பெப்டைடு பற்றிய கட்டுரையில் சாஸ்திரியோடு இருக்கும் அப்பெயர், 2006லும் 2008லும் 2012லும் இருக்கிறது. முனைவர் பட்ட மாணவர்கள் வந்தனர், சென்றனர். அந்த ஒரு பெயர் நிலைத்தது. ஓர் ஆய்வகத்தின் நினைவு யாரிடம் தங்குகிறது என்று எழுத விரும்பும் வரலாற்றாசிரியர் தலைமை ஆய்வாளரின் வாழ்க்கைக் குறிப்பை மட்டும் பார்த்தால் போதாது. ஆசிரியர் பட்டியல்களை ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு இவ்வரலாற்றை ஏன் எழுத வேண்டும்? இரு காரணங்கள். நீண்ட நாள் முதுகு வலியும் காலை நேர விறைப்பும் கொண்ட இளைஞரை இந்நகரின் மூட்டு நோய் மருத்துவர் எச்.எல்.ஏ.-பி27 பரிசோதனைக்கு அனுப்புவது அன்றாட நிகழ்ச்சி. அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் நோயோடு ஈராப்-1 மரபணு மாறுபாடுகள் தொடர்புடையவை என்று 2007இல் தெரியவந்தது; 2011இல், அத்தொடர்பு பி27 உள்ளவர்களிடம் மட்டுமே காணப்படுகிறது என்பது தெளிவானது. எலிச் செல்லில் பெப்டைடை நறுக்குபவர் யார் என்று கேட்ட அடிப்படை ஆய்வு, ஐந்தே ஆண்டுகளில் ஒரு மனித நோயின் விளக்கத்திற்குள் நுழைந்தது. கேரளத்தின் மிருதசஞ்சீவனி உறுப்பு தானத் திட்டம் 2012இல் தொடங்கியது முதல் திசுப்பொருத்தம் என்ற சொல் நாளிதழ் வாசகருக்கும் பழகிவிட்டது. பொருத்தம் பார்த்த பின்னும் நிராகரிப்பு ஏன் என்ற கேள்விக்கு எச்13இன் ஓர் அமினோ அமிலம் விடையின் ஒரு பகுதி.

இரண்டாவது காரணம் நம் ஆய்வு மாணவர்களைப் பற்றியது. வெளிநாட்டில் புகழ்பெற்ற இந்திய விஞ்ஞானி என்ற பெருமிதப் பதிவுகள் நமக்குப் பழக்கமானவை; அவற்றில் விருதுகள் இருக்கும், ஆய்வு இருக்காது. சாஸ்திரியின் வரலாற்றில் நாம் கற்க வேண்டியது பிறந்த நாட்டை அன்று. கேள்விக்கு முன் கருவியைச் செம்மை செய்த ஒழுங்கையும், அக்கருவி விரும்பத்தகாத விடையைத் தந்தபோது அதைத் தள்ளிவிடாத நேர்மையையும். ஆய்வேட்டை உரிய காலத்தில் முடிக்க வேண்டிய நெருக்கடியில், எதிர்பாராத முடிவை 'இரைச்சல்' என்று எழுதி நகர்ந்துவிடுவது எளிது. எல்லா இரைச்சலும் கண்டுபிடிப்பு ஆகாது என்பதும் உண்மை. சாஸ்திரி குழுவிடம் இருந்த வேறுபாடு, அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் பரிசோதனையை உருவாக்கும் வரை, 1995 முதல் 2003 வரை, அவர்கள் அந்த முடிவைக் கைவிடவில்லை என்பதே.

அன்று இரைச்சலாகத் தோன்றியது இன்று மருத்துவத்தின் தேடுபொருள். மான்ட்ரியாலில் குளோட் பெரோ குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, புற்றுச் செல்களுக்கே உரிய இலக்குகளில் பெரும்பாலானவை புரதக் குறியீடு இல்லாதவை என்று கருதப்பட்ட பகுதிகளிலிருந்தே வருகின்றன என்றது. புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வாளர்கள் இப்போது அப்பகுதிகளை மும்முரமாக அலசுகின்றனர். அவர்களுக்கு அக்கதவு திறந்ததில் பெர்க்லியின் நீலப் புள்ளிகளுக்கும் பங்குண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1991ஆம் ஆண்டின் லாக்-இசட் கட்டுரையையும் 2003ஆம் ஆண்டின் 'சயன்ஸ்' கட்டுரையையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வாசியுங்கள். முதலாவதில் பெரிய கொள்கை எதுவும் இல்லை. ஒரு செல்லை எப்படி நீலமாக்குவது என்பது மட்டுமே உண்டு. இரண்டாவது, உடல் எதைத் தன்னுடையது என்று கொள்கிறது என்ற வரையறையையே மாற்றுகிறது. இரண்டுக்கும் இடையே 12 ஆண்டுகள். அந்த 12 ஆண்டுகளில் ஆய்வகம் என்ன செய்தது என்று இரு கட்டுரைகளின் செய்முறைப் பகுதிகளையும் ஒப்பிட்டு நீங்களே கண்டறியுங்கள். கண்டதைக் கருத்துரையில் எழுதினால் விவாதிப்போம்.